அரசுப் பள்ளிகளை ஒப்பிடும்போது பெற்றோர் சறுக்கும் இடங்கள்

ஐந்தாம் வகுப்பு முடிந்த பிள்ளையை ஊரிலிருக்கும் இரண்டு மூன்று அரசுப் பள்ளிகளில் எதில் சேர்ப்பது என்று பார்க்கக் கிளம்பினால், முதலில் கண்ணில் படுவது வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ்: 'பத்தாம் வகுப்பில் 100% தேர்ச்சி'. பலர் அங்கேயே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. ஒன்பதாம் வகுப்போடு டி.சி. வாங்கிப் போனவர்களும் தேர்வுக்கே வராதவர்களும் அதில் சேரமாட்டார்கள். ஒன்பதில் 60 பேர் படித்து, மறு ஆண்டு 48 பேர் எழுதி 48 பேரும் தேறினால் அது நூறு சதவீதம். பக்கத்துப் பள்ளியில் அதே 60 பேரில் 59 பேர் எழுதி 55 பேர் தேறினால் 93 சதவீதம்தான். ஆனால் அதிகப் பிள்ளைகளைக் கரையேற்றியது இந்த இரண்டாவது பள்ளி. முதல் பள்ளியில் மிச்சம் 12 பேர் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். சிலர் ஊர் மாறியிருக்கலாம், எல்லோருமா?

சிறிய பள்ளியில் இந்தச் சதவீதம் இன்னும் ஏமாற்றும். 20 பேர் எழுதும் இடத்தில் ஒரு பிள்ளை தவறினாலே 5 சதவீதம் இறங்கிவிடும். 250 பேர் எழுதினால் அதுவே 0.4தான். அதனால் மூன்று ஆண்டுகளுக்குத் தலைக்கணக்காகக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் 400க்கு மேல், தவறியவர்கள் எந்தப் பாடத்தில். மூன்று ஆண்டும் கணக்கிலேயே தவறியிருந்தால், கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியா, தற்காலிக ஆசிரியரை வைத்து ஓட்டுகிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

கையைச் சுடும் தவறு வேறொன்று: அரசு உதவிபெறும் பள்ளியையும் அரசுப் பள்ளி என்றே எண்ணிக்கொள்வது. மருத்துவப் படிப்புக்கான 7.5% உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இதில் வரும். உதவிபெறும் பள்ளி வராது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதில் அரசுப் பள்ளிக்கு வருபவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கான புதுமைப் பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000, உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் கிடைக்கிறது. ஒன்றில் உள்ளே இருக்கும் பள்ளி இன்னொன்றில் வெளியே.

உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிந்துவிடும். மேல்நிலைப் பள்ளி என்றால், உயிரியல் உள்ள குரூப் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். வணிகவியல் மட்டும் நடக்கும் பள்ளிகளும் உண்டு.

யுடைஸ் (UDISE+) எனும் மத்திய அரசின் பள்ளிப் புள்ளிவிவரத் தளத்தில் பள்ளியின் 11 இலக்க எண்ணைப் போட்டால் மாணவர், ஆசிரியர், கழிப்பறை எண்ணிக்கை வரும். அது பழைய கணக்கு. கழிப்பறை இருப்பதைச் சொல்லும், தண்ணீர் வருவதைச் சொல்லாது. காலையில் போனால் எல்லாம் கழுவித்தான் இருக்கும். வேலை நாளில், தலைமை ஆசிரியரிடம் அனுமதி வாங்கி, மதியம் மூன்று மணிவாக்கில் போங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். வேதியியல் ஆய்வக மேசைக் குழாயைத் திருகிப் பாருங்கள். தொட்டி காய்ந்து தூசு படிந்திருந்தால் அங்கே செய்முறை வகுப்பு நடந்து நாளாகிவிட்டது.

தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். பத்தாம் வகுப்பில் மாலை சிறப்பு வகுப்பு எத்தனை மணிக்கு விடும், அதன் பிறகு உங்கள் ஊருக்கு டவுன் பஸ் எப்போது என்று கேளுங்கள்.