இரட்டையர் டென்னிஸ்: நடுவில் வரும் பந்து யாருடையது?

போன வாரம் எங்கள் கோர்ட்டில் இரண்டு பையன்கள் ஜோடியாக ஆடினார்கள். நடுவில் வந்த பந்தை இருவருமே விட்டுவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். டபுள் ஃபால்ட் கூடாது, பந்தைப் பார்த்து அடி என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். ஜோடியாக ஆடுகிறவர்கள் செய்யும் மற்ற தவறுகள் இவை.

இரண்டு நட்சத்திரங்கள் சேர்ந்தால் போதும் என்று நம்புவது

ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் ஜோடி ஒரே நாட்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். அதனால் வருடம் முழுக்க வேறு நாட்டுக்காரரோடு ஆடுகிறவர்கூட அந்த வாரம் புதுப் பார்ட்னரோடு இறங்குகிறார். பாரிஸ் 2024 ஒலிம்பிக் காலிறுதியில் ஸ்பெயினின் நடாலும் அல்கராஸும் ராஜீவ் ராம், ஆஸ்டின் கிராயிசெக் ஜோடியிடம் 2-6, 4-6 என்று தோற்றார்கள். அந்த அமெரிக்கர்களும் வழக்கமான ஜோடி அல்ல. ஆனால் இருவருமே இரட்டையர் ஆட்டத்திலேயே ஊறியவர்கள். நெட்டில் எங்கே நிற்பது என்று யோசிக்க வேண்டியதில்லை.

நடுப்பந்தைப் பேசி வைக்காதது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான். மாநில அளவில் ஒரு அரையிறுதி. கடைசி செட்டுக்குப் பதிலாகப் பத்துப் பாயிண்ட்டுக்கு ஆடும் மேட்ச் டைபிரேக்கரில் 8-8. நான் வலது பக்கம், பார்ட்னர் இடது பக்கம், இருவரும் நெட்டில். எதிராளி அடித்த பந்தில் வேகமே இல்லை. இரண்டு ராக்கெட்டுக்கும் நடுவே மெதுவாக வந்து, தரையில் பட்டு, பின்னால் இருந்த வேலி வலையில் போய் விழுந்தது. “உன் பந்துடா!” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அடுத்த பாயிண்ட்டும் போனது, ஆட்டமும் முடிந்தது. யார் முதலில் செர்வ் போடுவது, யார் எந்தப் பக்கம் என்று எல்லாம் பேசியிருந்தோம். இதை மட்டும் பேசவில்லை.

இருவரும் வலது கைக்காரர்கள் என்றால் நடுப்பந்து இடது பக்கம் நிற்பவருடையது. அவருடைய ஃபோர்ஹேண்ட்தான், அதாவது ராக்கெட் பிடித்த கைப்பக்கம்தான், நடுவில் இருக்கிறது. பந்து எதிர்க்கோர்ட்டின் ஓரத்துக்குப் போய்விட்டால் கணக்கு மாறும். பந்துக்கு நேராக நிற்பவர் ஓரக்கோட்டைக் காக்க வேண்டும், நடு மற்றவர் பொறுப்பு. ஒருவர் இடது கைக்காரர் என்றால் அவரை வலது பக்கம் நிறுத்திப் பாருங்கள், இரண்டு ஃபோர்ஹேண்டும் நடுவுக்கு வந்துவிடும். அதிலும் யார் எடுப்பது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். சந்தேகம் வந்தால் இருவருமே போங்கள். ராக்கெட் இடித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பந்தை விடக்கூடாது.

மேட்ச் டைபிரேக்கரை லேசாக எடுப்பது

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவின் போபண்ணா, யூகி பாம்ப்ரி ஜோடி உஸ்பெகிஸ்தான் ஜோடியிடம் முதல் செட்டை 6-2 என வென்றது. அடுத்தது 3-6, டைபிரேக்கர் 6-10. அவ்வளவுதான், வெளியே. பத்துப் பாயிண்ட்டில் மூச்சு வாங்க நேரமில்லை. இன்னொன்று, அது புது செட்டுக்குச் சமம். ஜோடிக்குள் செர்வ் வரிசையையும், எதிராளியின் செர்வைத் திருப்பி அடிக்க நிற்கும் பக்கத்தையும் மாற்றிக்கொள்ளலாம். வெயில் கண்ணில் அடிக்கும் பக்கத்திலிருந்து யார் நன்றாகப் போடுவாரோ அவரை முன்னால் விடுங்கள்.

லாப் வந்ததும் திரும்பிப் பார்த்து நிற்பது

லாப் என்றால் தலைக்கு மேலே தூக்கி அடிக்கும் பந்து. “மாறு!” என்று கத்தி, இருவரும் பக்கம் மாறுங்கள்.

நெட்டில் நின்று பின்னால் பார்ப்பது

பின்னால் பார்ட்னர் அடிப்பதைப் பார்க்காதீர்கள். எதிராளியின் ராக்கெட்டைப் பாருங்கள்.