‘தி ஃபைனல் கவுண்ட்டவுன்’ படத்தை 4கே டிஸ்க்கில் பார்க்கும் முன்

1980இல் வந்த இந்தப் படத்தில் அமெரிக்காவின் நிமிட்ஸ் விமானந்தாங்கிக் கப்பல் காலத்தில் பின்னோக்கி, இரண்டாம் உலகப்போர் நடந்த 1941 டிசம்பருக்குப் போய்விடுகிறது. 2 ஜப்பானிய ஸீரோ விமானங்களை எஃப்-14 ஜெட்டுகள் துரத்தும் காட்சி ஒன்றுக்காகவே டிவியைச் சரிசெய்து வைக்கலாம்.

4கே டிஸ்க் சாதாரண ப்ளூ-ரே பிளேயரில் ஓடாது. 4கே பிளேயரே வேண்டும். பிளேயரில், சினிமாவின் வேகமான நொடிக்கு 24 ஃபிரேம் வெளியீட்டை ஆன் செய்யுங்கள். டிவியில் மோஷன் ஸ்மூத்திங் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும்: இல்லாத ஃபிரேம்களை டிவியே இட்டுக்கட்டுவதால், வானத்தில் சட்டென்று திரும்பும் இறக்கையின் ஓரம் நெளியும். ஷார்ப்னஸையும் குறையுங்கள்; கூடினால் பிலிம் துகள்கள் மணல்போலக் கண்ணை உறுத்தும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது கோளாறல்ல, படம் 2.35:1 அகலத்திரை, அதாவது உயரத்தைப் போல 2.35 மடங்கு அகலம். ‘ஜூம்’ அழுத்தித் திரையை நிரப்பினால் பக்கவாட்டில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விடும். துரத்தும் ஜெட் தெரியும், ஸீரோ காணாமல் போகும்.