சின்ன டர்போ கார்: வேகத்தில் கெடுவதை விட ஊர்வதில்தான் அதிகம் கெடுகிறது

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியதிலிருந்து எங்கள் குடியிருப்பு பார்க்கிங்கில் புது வண்டிகள் கூடிவிட்டன. அதில் டர்போ ஹேட்ச்பேக் எடுத்தவர்கள் வந்து கேட்கும் சந்தேகங்களைக் கேட்டால், ஃபோக்ஸ்வேகனின் டர்போ காரான போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்த காலத்தில் எங்கள் செட் ஆட்கள் பட்ட அதே பாட்டை இவர்களும் வரிசையாகப் படுகிறார்கள். சர்வீஸ் தேதியைத் தவறவிடாதீர்கள், டயர் காற்றைப் பாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் வரிக் கணக்கில் 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் எஞ்சின் இருந்தால்தான் சின்ன கார். அந்த வரம்புக்குள் நின்றுகொண்டே சக்தியைக் கூட்டத்தான் டர்போ வந்தது. ஹூண்டாய் ஐ20-யின் சாதாரண 1.2 எஞ்சின் 83 பிஎஸ் (குதிரைசக்தி) தந்தது. அதை விடச் சின்ன 998 சிசி டர்போ எஞ்சின் 120 பிஎஸ் சக்தியும் 172 என்எம் இழுவிசையும் தருகிறது. 2018-இல் டாடாவும் கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனமும் சேர்ந்து கொண்டுவந்த டியாகோ ஜேடிபி 114 பிஎஸ், 2024-இல் வந்த ஆல்ட்ராஸ் ரேசர் 120 பிஎஸ். புகைபோக்கிக் காற்றால் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் ஒரு சின்னச் சக்கரம், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துத்தான் இத்தனையும் செய்கிறது. பழைய ஸ்விஃப்டையோ சான்ட்ரோவையோ ஓட்டிய பழக்கத்தில் இதையும் ஓட்டினால் ஒத்துவராது.

டிசிடி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) வண்டியை டிராஃபிக்கில் ஊரவிடுவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் ஷோரூமில் “ஆட்டோமேட்டிக் எல்லாம் ஒன்றுதான் சார், காலை எடுத்தால் தானாகப் போகும்” என்று சொல்லி அனுப்புகிறார்கள், அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

எல்லாம் ஒன்று இல்லை. டார்க் கன்வர்ட்டர் என்கிற வழக்கமான வகை ஆட்டோமேட்டிக் எண்ணெய்க்குள் வேலை செய்வது, வழுக்கிக்கொண்டே சக்தியைக் கடத்துவதுதான் அதன் இயல்பு, சூட்டை அந்த எண்ணெய் எடுத்துக்கொள்ளும். போலோ ஜிடியின் 7 கியர் டிஎஸ்ஜி (டிசிடிக்கு ஃபோக்ஸ்வேகன் வைத்த பெயர்), ஐ20 டர்போவின் 7 கியர் டிசிடி இரண்டும் அப்படி அல்ல. உள்ளே இருப்பது மேனுவல் வண்டியில் இருப்பது போன்ற உலர் கிளட்ச், ஒன்றுக்கு இரண்டாக. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. கிளட்ச் பெடல் மட்டும்தான் உங்கள் காலடியில் இல்லை, அந்த வேலையை கம்ப்யூட்டர் செய்கிறது. பிரேக்கை முழுதாக அழுத்தினால் கிளட்ச் விலகி நிற்கும். பிரேக்கைப் பாதி விட்டு ஊரவிட்டால் கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேயும். மேனுவல் வண்டியில் அரை கிளட்சில் பத்து நிமிஷம் ஊர்ந்தால் என்ன ஆகும் என்று ஓட்டத் தெரிந்த யாருக்கும் தெரியும். ஆட்டோமேட்டிக்கில் அதையே செய்கிறோம் என்று மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. சூட்டை எடுத்துப்போக உள்ளே எண்ணெய் கிடையாது, காற்று மட்டும்தான், ஊரும் வண்டியில் அந்தக் காற்றும் சரியாக ஓடாது.

என் மச்சான் வண்டி எடுத்து ஒரு வருஷம் ஆவதற்குள் ஏற்காடு கோடை விழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். சேலம் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மே மாத ஞாயிற்றுக்கிழமை, வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்க அவர் பிரேக்கில் கால் வைக்கவில்லை, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தே நிறுத்திவைத்தார். பக்கத்து சீட்டில் இருந்த நான் இரண்டு முறை சொன்னேன், “ஹில் அசிஸ்ட் இருக்கு மாமா, பார்த்துக்கும்” என்றார். ஹில் அசிஸ்ட் ஒன்றிரண்டு நொடிதான் பிடிக்கும், நீங்கள் பிரேக்கிலிருந்து ஆக்சிலேட்டருக்குக் கால் மாற்றுவதற்காக வைத்தது அது. கொஞ்ச நேரத்தில் கருகிய வாடை வந்தது, முன்னால் போகும் பஸ்ஸின் பிரேக் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டார். அடுத்த வளைவில் வண்டி உதறியது, மீட்டர் திரையில் டிரான்ஸ்மிஷன் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை. பதறி எஞ்சினையே அணைத்தார். அதுவும் தவறு. ஓரம்கட்டி, ‘பி’யில் போட்டு, எஞ்சினை ஓடவிட்டே ஆறவைக்க வேண்டும், கிளட்ச் விலகி நிற்கும், சுற்றும் காற்றில் சூடு இறங்கும். பின்னால் ஹாரன் மேல் ஹாரன், குழந்தைகள் அழுகை, அப்படித்தான் அன்று மேலே போய்ச் சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும் ஒவ்வொரு முறையும் வண்டி நடுங்கியது. சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பார்த்துவிட்டு கிளட்ச் தேய்ந்துவிட்டது, அது தேய்மானப் பொருள், வாரண்டியில் வராது என்றார்கள். பில் ஐந்து இலக்கத்தில். மெகட்ரானிக்ஸ் என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டியும் சேர்ந்து போயிருந்தால் லட்சத்தைத் தாண்டியிருக்கும். வண்டியில் எந்தக் குறையும் இல்லை, எப்படி நிறுத்துவது என்று டெலிவரி அன்று ஒருவர் ஐந்து நிமிஷம் சொல்லியிருந்தால் போதும்.

மலைக்குக்கூடப் போக வேண்டாம். மால்களின் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் படம் விட்ட நேரத்தில் சாய்தளத்தில் நிற்கும் வரிசையைப் பாருங்கள், டிசிடி வண்டிகளில் பாதி ஆக்சிலேட்டரில்தான் தொங்கிக்கொண்டிருக்கும்.

என்ன செய்யலாம்? முன் வண்டி அரை அடி நகர்ந்தால் நீங்களும் அரை அடி நகர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இடைவெளி சேரட்டும். ஒரு வண்டி நீளம் கிடைத்ததும் பிரேக்கை முழுதாக விட்டு, தயங்காமல் ஆக்சிலேட்டர் கொடுத்து நகருங்கள், கிளட்ச் முழுதாகப் பிடித்துவிடும். பிறகு பிரேக்கை முழுதாக அழுத்தி நில்லுங்கள். இடையில் ஆட்டோக்காரர் வண்டியை நுழைப்பார், நுழையட்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் மாறி மாறித் தடுமாறும் வேகத்தில் மேனுவல் மோடில் முதல் கியரிலேயே பிடித்துவையுங்கள். சரிவில் நிற்கும்போது கால் பிரேக்கில், நேரமாகும் என்றால் ஹேண்ட்பிரேக். நிமிஷத்துக்கு நாலு தடவை ‘என்’னுக்கு மாற்றத் தேவையில்லை, முழு பிரேக்கே கிளட்சை விலக்கிவிடும்.

தினமும் வேளச்சேரியிலிருந்து ஓஎம்ஆர் வரை ஊர்ந்துதான் ஆபீஸ் போவேன் என்றால் டிசிடியே எடுக்காதீர்கள். மேனுவல் எடுங்கள், அல்லது டார்க் கன்வர்ட்டரோடு வரும் டர்போவைத் தேடுங்கள்.

மேல் கியரில் போட்டு ஆழ மிதிப்பது

இது மேனுவல்காரர்களுக்கு. மைலேஜுக்காக 40 கிலோமீட்டர் வேகத்திலேயே ஐந்தாம் கியர் போட்டு ஓட்டுவார்கள், திடீரென்று லாரியைத் தாண்ட வேண்டும், கியரை இறக்காமல் அப்படியே தரையோடு மிதிப்பார்கள். 1500 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போவில் அழுத்தமே கட்டியிருக்காது, ஏசியும் ஐந்து பேரும் இருந்தால் வண்டி எழும்பவே எழும்பாது, எதிரே பஸ் வந்துவிடும். எஞ்சினுக்கும் கெடுதல்: குறைந்த சுற்றில் அதிக சுமை ஏறும்போது, குறிப்பாக டைரக்ட் இன்ஜெக்ஷன் டர்போ எஞ்சின்களில், பொறி வருவதற்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொள்வது உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய அடி அது. இரண்டு கியர் இறக்குங்கள், 2000 தாண்டட்டும், பிறகு மிதியுங்கள்.

ஆயிலில் மிச்சம் பிடிப்பது

மேலே சொன்ன முன்கூட்டிய எரிதலுக்கு ஆயிலும் ஒரு காரணம். அதற்கென்றே 2018-இல் ஏபிஐ என்ற அமெரிக்க அமைப்பின் எஸ்என் பிளஸ் தரமும், 2020-இல் எஸ்பி தரமும் வந்தன. வண்டியோடு வந்த கையேட்டில் என்ன கிரேடு, என்ன தரம் போட்டிருக்கிறதோ அதே ஃபுல் சிந்தெடிக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். டர்போவின் தண்டு ஆயிலில்தான் மிதந்து சுழல்கிறது, அந்த ஆயில் கருகி அடைத்தால் டர்போ போச்சு. தெருமுனை மெக்கானிக் ட்ரம்மிலிருந்து ஊற்றுவதை வாங்காதீர்கள், சீல் உடைவதை உங்கள் கண்ணால் பாருங்கள்.

இன்னொன்று. “இன்னும் பத்தாயிரம் ஓடவில்லையே” என்று இரண்டு வருஷம் ஒரே ஆயிலில் ஓட்டுகிறார்கள். கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டிரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் சூடேறவே நேரம் இருக்காது; உள்ளே சேரும் பெட்ரோலும் ஈரமும் ஆவியாகாமல் ஆயிலோடு கலக்கும். அந்த வண்டிக்கு இன்னும் முன்னதாகவே மாற்ற வேண்டும்.

ஓடி வந்த சூட்டோடு அணைப்பது

ஹைவேயில் விரட்டி வந்தாலோ மலை ஏறி வந்தாலோ டர்போவில் ஆயில் கருகாமல் இருக்க ஒரு நிமிஷம் ஐடிலில் விடுங்கள். ஊருக்குள் ஓடியதற்குத் தேவையில்லை.

விளம்பர மைலேஜை நம்பிக் கணக்குப் போடுவது

வண்டிகளைச் சோதிக்கும் ஏஆர்ஏஐ அமைப்பின் சான்றில் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் இருக்கும். நெரிசலில் 10, 11 வந்தாலே நல்ல ஓட்டம். பைபாஸில் 90-லேயே சீராகப் போனால் 17 வரை பார்க்கலாம். டர்போ வேலை செய்யும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் கூடத்தான் போகும். மைலேஜ்தான் முக்கியம் என்றால் சாதாரண எஞ்சின் எடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

ரீமேப்

எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது வாரண்டி முடியும் வரை வேண்டாம். உலர் கிளட்ச் டிசிடியில் எப்போதும் வேண்டாம்.

கிலோமீட்டர் குறைவு என்று செகண்ட் ஹேண்ட் எடுப்பது

மீட்டரில் 18,000-தான், அதனால் புதுசு மாதிரி என்பார்கள். அந்த 18,000-மும் நகர நெரிசலில் ஊர்ந்ததென்றால், ஹைவேயில் 60,000 ஓடிய வண்டியின் கிளட்ச் அதை விட நன்றாக இருக்கும். ஆயில் மாற்றிய பில்களை வாங்கித் தேதியைப் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் நெரிசலில் ஓட்டிவிட்டு ஒரு மேட்டில் ரிவர்ஸில் மெதுவாக ஏற்றிப் பாருங்கள். நடுங்கினால், கிளட்ச் செலவை விலையில் கழித்துத் தந்தால் மட்டும் பேசுங்கள்.