லயத்துப் பெண்ணின் முதல் ஓட்டு: காலப்படத்தில் எடுப்பது எப்படி

பெண்கள் ஓட்டுரிமை பற்றிய பழைய நாவலை இலங்கை மலையகத்துக்குக் கொண்டுவந்து, அந்தக் காலத்தைக் காட்டும் படமாக்கப் போகிறீர்கள் என்றால், நடிகையைத் தேடுமுன் ஆண்டை முடிவு செய்யுங்கள். மழை, உடுப்பு, தொகுதி எல்லாம் அதிலேதான் தொங்குகின்றன.

பெண்களுக்கும் ஓட்டுரிமை கிடைத்த முதல் தேர்தல், 1931 அரசாங்க சபைத் தேர்தல், ஜூனில் நடந்தது. மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழைக் காலம் அது. ஹட்டன் தொகுதியில் அந்த முறை வழக்கறிஞர் பெரி. சுந்தரம் போட்டியின்றித் தெரிவானார். அங்கே ஓட்டுச்சாவடி போட்டால் கதை பொய்யாகிவிடும். ஹட்டன்தான் வேண்டுமென்றால் தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யர் வென்ற 1936க்குப் போங்கள். அது பெப்ரவரி, மார்ச். காலைக் குளிரும் காய்ந்த வெயிலும். 1931 என்றால் தலையில் கறுப்புக் கம்பளி வேண்டும். ஆளுக்கு இரண்டு வைத்திருங்கள், நனைந்தது இரண்டு நாளானாலும் காயாது.

ஓட்டு வரிசையில் லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) பெண்கள் எல்லாரையும் நிறுத்தாதீர்கள். 21 வயது ஆனால் மட்டும் போதாது. இந்த நாட்டிலேயே நிலையாகக் குடியிருப்பவர் என்ற நிபந்தனை தோட்டத்து ஆட்களை வடிகட்டியது. பத்துப் பேர் வரிசையில், இருபது பேர் வேலியோரம் வேடிக்கை பார்க்க என்று பிரியுங்கள். அந்தப் பிரிவே பாதி வசனத்தை மிச்சமாக்கும்.

படத்தின் உயிர் பெட்டியில் இருக்கிறது. அன்று சின்னம் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு நிறம், நிறத்துக்கொரு பெட்டி. எழுத்துத் தெரியாதவளும் தானே தெரிவு செய்யலாம். காலப்படம் என்றதும் கறுப்பு வெள்ளையாக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள்: சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகிக் காட்சி செத்துப்போகும். சுவருக்குச் சுண்ணாம்பு, சேலைக்கு மங்கல் நிறம். பளிச்சென்ற நிறம் பெட்டிக்கு மட்டும்.

நாவலில் அவள் நாலு பக்கம் யோசிப்பாள். அதைப் பின்னணிக் குரலாக்கினால் நாடகமாகிவிடும். மறைப்புக்குள் அவள் கையை மட்டும் காட்டுங்கள்: கொழுந்துக் கறை ஏறிய விரல், மடித்த சீட்டு, ஒரு பெட்டியின் மேல் நின்று அடுத்ததுக்கு நகர்கிற தயக்கம். வெளியே கங்காணியின், அவளை வேலை வாங்கும் மேற்பார்வையாளனின், இருமல் கேட்கட்டும். ஆளைக் காட்ட வேண்டாம்.

மழையில்லாத நாளில் எடுத்தால், அரை அங்குலக் குழாயில் அரையடிக்கொரு துளையிட்டுத் தகரக் கூரையின் உச்சியில் கட்டுங்கள். விளக்கு துளிகளுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் மழையே தெரியாது. தகரச் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடும். உடனே தண்ணீரை நிறுத்திவிட்டு, அதே நடிகையிடம் வசனத்தைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். குளிரில் இருந்த கெமராவைச் சூடான, ஈரமான அறைக்குள் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். மூடிய பையோடு அரை மணி நேரம் அறையில் வைத்துவிட்டுத் திறவுங்கள்.

பின்னணியில் அதிகம் தப்பாகிப்போவது தேயிலைதான். வரிசை பிசகாத, ஒரே உயரப் பச்சை என்றால் அது வீ.பி. தேயிலை, விதையில்லாமல் வெட்டுத் தண்டில் வளர்த்தது, பிற்பாடு வந்தது. இலையும் உயரமும் செடிக்குச் செடி வேறுபடும் பழைய விதைத் தேயிலை மலையைத் தேடுங்கள். தோட்டத்தில் செடி வெட்டிவிடும் வயதான கவ்வாத்துக்காரர் யாரையாவது கேட்டால் எந்த நம்பர் மலை என்று சொல்லிவிடுவார்.