ஊரும் வனத்துறையும் சேர்ந்து காட்டை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மாவட்டக் கடலோரச் சேற்றில் வளரும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குள் மரம் செத்து, மண் வெளுத்து, எதுவும் முளைக்காத திட்டுகள் ஒரு காலத்தில் நிறைய இருந்தன. காரணம் கேட்டால் பதில் தயாராக இருந்தது: விறகு வெட்டும் ஊர்க்காரர்கள், அவர்களுடைய மாடுகள். 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்களோடும் சேர்ந்து மண்ணையும் நீரோட்டத்தையும் ஆராய்ந்தபோது கதை வேறு மாதிரி இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை நீடித்த கூப்பு முறைதான் முதல் காரணம். காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொரு பகுதியையும் மொட்டையாக வெட்டி விற்றது அரசு நிர்வாகமே.

வெட்டிய இடத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி மண் அமுங்கியது, திட்டின் நடுப்பகுதி தாழ்ந்துபோனது. ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம், ஏறும்போது உள்ளே வந்த கடல்நீர் இறங்கும்போது வெளியேற வழி இல்லை. தேங்கிய நீர் காய்ந்தது, உப்பு தங்கியது. கோடைக்குக் கோடை உப்பு ஏறி, உப்பிலேயே வாழப் பழகிய அலையாத்தி மரம்கூடத் தாங்க முடியாத நிலை வந்தது. உப்பு நிலத்தில் வளரும் உமிரிச் செடி மட்டும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆக, ஊரைத் தடுத்து, வேலி போட்டு, காவல் வைத்திருந்தாலும் அந்தத் திட்டுகளில் ஒரு கன்றும் வந்திருக்காது. இதுதான் கூட்டு முயற்சிகளில் நான் பார்க்கும் முதல் தவறு, பெரிய தவறும்கூட: நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே குற்றவாளியைத் தீர்மானித்துவிடுவது. அப்படித் தொடங்கும் திட்டத்தில் ஊர்க்காரர் கூட்டாளியாக உட்காருவதே இல்லை, திருந்த வேண்டியவராகத்தான் உட்காருகிறார். எந்தத் துறையாக இருந்தாலும், கூட்டம் போடும் முன் தன் பழைய கோப்புகளைத் திறந்து, இந்த நிலம் கெட்டதில் தன் பங்கு என்ன என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அதை ஊர் முன்னால் சொல்லவும் வேண்டும். இது மரியாதைக்காக மட்டும் இல்லை. காரணத்தைத் தவறாகப் பிடித்தால் மருந்தும் தவறாகவே போகும்.

பிச்சாவரத்தில் மருந்து மரம் நடுவது அல்ல, தண்ணீருக்கு வழி விடுவது. காட்டினுள் ஓடும் ஓடையிலிருந்து திட்டுக்குள் ஒரு தலைவாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம், அதனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஓதம் ஏறி இறங்க, மழை பெய்ய, தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போனது. பிறகுதான் கன்று. அதையும் வாய்க்காலின் அடியில் வைத்தால் மூழ்கிவிடும், மேட்டில் வைத்தால் காய்ந்துவிடும். கரைச் சரிவின் நடுவில், ஓதநீர் வந்து நனைத்துவிட்டுப் போகும் மட்டத்தில் வைக்க வேண்டும்.

அந்த மட்டம் எங்கே என்று யாருக்குத் தெரியும்? அளவுக்கோலோடு வரும் பொறியாளருக்குத் தெரியும். பிச்சாவரத்து ஓடைகளில் கழுத்தளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களுக்கும் தெரியும். எந்த மாதம் எந்த ஓடையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும், எங்கே புது மண் சேர்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குப் பிழைப்பு. தெற்கே இன்னொரு அலையாத்திக் காடான முத்துப்பேட்டைப் பக்கம் மீனவர்கள் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி மீன்பிடிப்பதும் நெடுநாள் வழக்கம். தண்ணீரை எப்படி உள்ளே இழுத்து வெளியே விடுவது என்பது அவர்கள் செய்து பார்த்த வேலை. இப்படிப்பட்டவர்களை வாய்க்கால் வெட்டும் கூலி ஆளாக மட்டும் அழைப்பது அடுத்த தவறு. நடப்பதில் மிகச் சாதாரணமானது இதுதான்: வரைபடம் சென்னையிலேயே முடிந்திருக்கும், ஊருக்கு வருவது கையெழுத்துப் பதிவேடு மட்டும்.

கலந்தாலோசனை உண்மையில் நடந்ததா என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. கூட்டத்துக்கு முன்னிருந்த திட்டத்தையும் பின்னிருந்த திட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கோடுகூட நகரவில்லை என்றால் அங்கே தகவல் சொல்லியிருக்கிறார்கள், ஆலோசனை கேட்கவில்லை. கூட்டம் எப்போது நடந்தது என்பதையும் பாருங்கள். மீன்பிடிக்கிறவருக்கு நேரம் ஓதத்தைப் பொறுத்தது. வேலைநாள் காலை பதினொரு மணிக்கு ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் என்றால், நிலம் உள்ளவரும் கடை வைத்திருப்பவரும்தான் வருவார்கள். அப்புறம் அவர்கள் சொன்னதே 'ஊரின் கருத்து' ஆகிவிடும்.

ஊர் ஒன்று இல்லை என்பதை மறப்பதும் இதே வகைதான். படகும் வலையும் உள்ளவர், வெறுங்கையால் மீன் பிடிப்பவர், மாடு வளர்ப்பவர், விறகு சுமக்கும் பெண் எல்லோருக்கும் ஒரே காடு, ஆனால் தேவை வேறு வேறு. ஒரு திட்டில் மேய்ச்சலை நிறுத்தலாம் என்று குழு எளிதாகத் தீர்மானம் போட்டுவிடும், போட்டவர் வீட்டில் மாடு இருக்காது. தடை வரும் முன் தீவனத்துக்கும் விறகுக்கும் என்ன வழி என்று, இழக்கப்போகிறவரிடமே கேட்டு எழுதி வைக்க வேண்டும். வேடந்தாங்கலில் பறவைகளைத் தலைமுறைகளாக ஊர் காத்ததற்கு அன்பு மட்டும் காரணமில்லை. எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கே உரமாகப் போனது. காப்பவருக்கே பலன் போய்ச் சேர்ந்த இடத்தில் காவல்காரர் அதிகம் தேவைப்படவில்லை.

மனிதரை வெளியேற்றினால் இயற்கை தானாகச் சரியாகும் என்ற நம்பிக்கைக்குப் பரத்பூர் கொடுத்த விலை பெரியது. ராஜஸ்தானில் பரத்பூரை ஒட்டிய கேவலாதேவ் பறவைகள் காப்பகம் தேசியப் பூங்காவானதை ஒட்டி, 1982-இல் அங்கே மேய்ச்சல் முழுவதுமாகத் தடை செய்யப்பட்டது. பக்கத்து ஊர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த இடம் அது. மோதல் வெடித்தது, போலீஸ் சுட்டது, கிராமத்தவர் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்டகால ஆய்வு சொன்னது இது: எருமைகள் இல்லாமல் போனதும் நீரில் ஒருவகைப் புல் மளமளவென்று வளர்ந்து மூடியது, திறந்த நீர்ப்பரப்பை நம்பியிருந்த பறவைகளுக்கு இடம் சுருங்கியது. எருமை அந்த நீர்நிலையின் எதிரி இல்லை, அதன் அமைப்பிலேயே ஒரு பங்கு. கொஞ்சம் காத்திருந்து கவனித்திருந்தால், ஒரு மூலையில் மட்டும் தடையைச் சோதித்துப் பார்த்திருந்தால், இது தெரிந்திருக்கும். அந்த உயிர்களும் போயிருக்காது.

இதற்காக எல்லா மேய்ச்சலும் நல்லது என்று சொல்ல வரவில்லை. புதிதாக வைத்த அலையாத்திக் கன்றை மாடு தின்றால் கன்று போய்விடும். இடம் பார்த்து, பருவம் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயத்தை ஒரே உத்தரவில் அடைக்கக் கூடாது.

நட்ட கன்றை எண்ணுவது

2004 சுனாமிக்குப் பிறகு அலையாத்தி மேல் எல்லோருக்கும் அக்கறை வந்தது. பணமும் வந்தது. இலங்கையில் அரசு அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் போட்டி போட்டு நட்டன. பின்னர் ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் உயிரோடு இல்லை. நட்ட 1,000 முதல் 1,200 ஹெக்டேரில் தேறியது ஏறக்குறைய 200 ஹெக்டேர். தவறான மட்டத்தில், தவறான இனத்தை நட்டதும், நட்ட பிறகு திரும்பிப் பார்க்காததும் முக்கியக் காரணங்கள்.

எங்கும் நடப்பதுதான் இது. அலையாத்திக் காட்டு மரமான சுரபுன்னையின் முளைவிட்ட நீண்ட காயைச் சேற்றில் குத்தினால் வேலை முடிந்தது, ஒரே காலையில் ஆயிரக்கணக்கில் நடலாம், படமும் எடுக்கலாம். நிதி கொடுப்பவர் நட்ட எண்ணிக்கையைக் கேட்கும்வரை எண்ணிக்கைதான் கிடைக்கும். மூன்றாம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு எத்தனை மரம் நிற்கிறது, ஓடையில் மீன் கூடியதா, உப்பு குறைந்ததா என்று கேட்கும்படி ஒப்பந்தத்தை எழுதச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை எடுக்க ஊர் இளைஞர்களையே பழக்கலாம். விதை மிதந்து வந்து தானாக முளைக்கக்கூடிய இடத்தில் நடவே வேண்டாம், தண்ணீர் வழியைச் சரிசெய்தால் போதும்.

மேசைக்கு வராத துறைகள்

வனத்துறை, ஊர், ஒரு ஆராய்ச்சி நிறுவனம் என்று மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் கூட்டு மேலாண்மை ஆகிவிட்டது என்று நினைக்கிறோம். பிச்சாவரமும் முத்துப்பேட்டையும் காவிரிப் படுகையின் கடைமடைக்கும் அந்தப் பக்கம் இருப்பவை. அவற்றுக்கு நன்னீர் எவ்வளவு வரும் என்பது மேட்டூரிலும் அதற்கு மேலும் முடிவாகிறது, மேட்டூரில் தண்ணீர் திறப்பது நீர்வளத்துறை. ஓரத்தில் இருக்கும் புறம்போக்கு வருவாய்த்துறையிடம், இறால் பண்ணைக்கும் மீன்பிடிக்கும் அனுமதி வேறு இடத்தில். இவர்களில் ஒருவர் வராவிட்டாலும் மற்றவர்களின் உழைப்பு வீணாகலாம். எல்லோரையும் ஒரே கூட்டத்துக்கு வரவைக்க மாவட்ட ஆட்சியரால் முடியும். முதல் மாதத்திலேயே அவரிடம் போவது நல்லது.

திட்டம் முடிந்த மறுநாள்

கூட்டு வன மேலாண்மைக்கான மத்திய அரசின் சுற்றறிக்கை 1990 ஜூனில் வந்தது. அதையொட்டி நாடெங்கும் கிராம வனக்குழுக்கள் உருவாயின. பல குழுக்கள் திட்டப் பணம் இருந்தவரை இயங்கின, அது நின்றதும் கூட்டமும் நின்றது. குழு நிற்பது நிர்வாக ஆணையின் மேல், சட்ட உரிமையின் மேல் அல்ல என்பது ஒரு காரணம். 2006-இன் வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. 2002-இன் உயிரியல் பன்மயச் சட்டப்படி உள்ளாட்சிதோறும் உயிரியல் பன்மய மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். புதிதாக ஒரு குழுவை உருவாக்கும் முன், ஏற்கெனவே சட்டம் தந்த இந்த இடங்களைப் பயன்படுத்த முடியுமா என்று பாருங்கள்.

மீன்முள் வாய்க்கால் வெட்டி முடித்ததோடு தீராது, சில ஆண்டுகளில் வண்டல் தூர்க்கும். கிளை வாய்க்காலின் வாய் அடைபட்டால் திட்டில் மறுபடி உப்பு தேங்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர் எடுப்பது யார், கூலி எந்தக் கணக்கிலிருந்து, அந்தக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர்களில் ஊர்க்காரர் யார் யார்? முதல் மண்வெட்டி விழும் முன்பே இந்த மூன்றுக்கும் பதில் ஒரே தாளில் எழுதப்பட்டு, அதன் ஒரு பிரதி ஊரிடம் இருக்க வேண்டும்.