குறைந்த செலவில் தோட்டத்தில் மர அறை: குளிர் தாங்கும்படி நாமே கட்டுவது

இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் துண்டுத் தோட்டம் வைத்திருக்கிற நம்மவர்கள் பலருக்கு, அங்கே ஒரு கார்டன் ரூம் போட்டு ஆபீஸ் வேலையை அதில் வைத்துக்கொள்ளலாமே என்று ஆசை. கம்பெனியிடம் விலை கேட்டதும் ஆசை அடங்கிவிடும். மரம் அறுக்கவும் ஸ்க்ரூ முடுக்கவும் பழகிக்கொண்டால் கூலியில் பெரும்பகுதி மிச்சம். சிக்கனம் எங்கே செய்யலாம், எங்கே கூடாது என்பது மட்டும் முதலிலேயே தெளிவாக இருக்கட்டும்: பிறகு கழற்றி மாற்றக்கூடியதில் மிச்சம் பிடியுங்கள், சுவருக்குள் மறைந்துபோவதில் கை வைக்காதீர்கள்.

முதலில் சட்டம், அப்புறம் மரம்

இங்கிலாந்தின் விதிகளைத்தான் சொல்கிறேன், ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி விதிகள். தனி வீட்டின் பின்பக்கம் ஒரே தளமாகக் கட்டினால் பெரும்பாலும் பிளானிங் பெர்மிஷன் வேண்டியதில்லை, ஆனால் வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் வந்தால் மொத்த உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஃபிளாட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. சில புது எஸ்டேட்களிலும் இதை எடுத்துவிட்டிருப்பார்கள், ஆகவே கவுன்சிலில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே 15 சதுர மீட்டருக்குக் குறைவாக இருந்து, யாரும் தூங்காத அறையாகவும் இருந்தால் பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டடம் எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்ற விதிகள்) பொதுவாகத் தொடாது. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் படுக்க வைக்கலாம் என்ற திட்டம் இருந்தால் கதையே வேறு, அதற்கு முறைப்படி அனுமதி வாங்க வேண்டும்.

அளவு

ஓஎஸ்பி பலகை, அதாவது மரச் சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகை, 2440 × 1220 மி.மீ. அளவில் வரும். அறையை வெளிப்புறம் 3.66 × 2.44 மீட்டராக வைத்தால் தரைக்கு மூன்று முழுப் பலகை, ஒரு வெட்டும் இல்லை. நாலுக்கு மூணு என்று முழு எண்ணாகப் போட்டால் காசு கொடுத்து வாங்கிய பலகையில் கணிசம் குப்பைக்குப் போகும்.

உயரத்தில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 2.5 மீட்டர் தாராளம் போலத் தெரியும், கழித்துப் பாருங்கள். மண்ணுக்கும் மரத்துக்கும் இடைவெளி 100 மி.மீ., தரைச் சட்டமும் பலகையும் 118, கூரை மரம், பலகை, உள் சீலிங் எல்லாம் சேர்த்து 181, தண்ணீர் ஓட 40-க்கு 1 சரிவு என்றால் 61, கூரை விளிம்புப் பட்டைக்கு ஒரு 20. மொத்தம் 480. ஆக பின்சுவர் ஓரம் உள்ளே நிற்க 2.02 மீட்டர், முன்பக்கம் 2.08. கதவை முன்பக்கமே வையுங்கள், அப்போதும் கதவுக்கு மேலே குறுக்கே வரும் தாங்கு கட்டையை, அதாவது லின்டலை, கழித்தால் 1.95 மீட்டர்தான் மிஞ்சும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 2.1 மீட்டர் செகண்ட்ஹேண்ட் கதவை வாங்கிவிட்டால் அதை வைக்க இடமில்லை. ஆனால் அளவு தப்பாக ஆர்டர் ஆகித் திரும்பி வந்த டபுள் கிளேஸிங் கதவு, ஜன்னல்கள் பாதி விலைக்கெல்லாம் கிடைக்கும், விடாதீர்கள். அவை கைக்கு வந்த பிறகே சுவர்ச் சட்டம் அடியுங்கள்.

அடித்தளமும் தரையும்

முழு கான்கிரீட் தளம் வேண்டாம். புல்லைச் சீவி, வரிசைக்கு நாலாக மூன்று வரிசையில் 12 இடத்தில் தோண்டி, ஜல்லி கெட்டித்து, கான்கிரீட் தாங்கிகள் வைத்தால் போதும். எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், ஆகவே நீளமான நேர்ப் பலகை மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நீங்கள் சிரமப்பட வேண்டிய இடம் இதுதான். இங்கே 10 மி.மீ. பிசகினால் கதவு சாத்தும்போது தெரியும்.

வரிசைக்கு ஒன்றாக மூன்று உத்தரம், ஒவ்வொன்றும் மருந்தேற்றிய 47 × 100 மரம் இரட்டையாகச் சேர்த்தது. அவற்றுக்கு நடுவே அதே மரத்தில் குறுக்குக் கட்டைகளை, இங்கே ஜாயிஸ்ட் என்பார்கள், 406 மி.மீ. இடைவெளியில் ஹேங்கர் என்ற உலோகத் தாங்கியில் தொங்கவிடுங்கள். 1220-ஐ மூன்றாகப் பிரித்தால் 406, பலகையின் விளிம்பு சரியாகக் கட்டையின் நடுவில் வந்து உட்காரும். இரண்டு மூலைவிட்டமும் 4.4 மீட்டர் காட்டினால் சட்டம் சதுரம் பிசகவில்லை. கட்டைகளுக்கு இடையில் 75 மி.மீ. பிஐஆர் போர்டு (சூடு போகாமல் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை), அதைத் தாங்க அடியில் 25 மி.மீ. ரீப்பர். சட்டத்துக்கு அடியில் துத்தநாகப் பூச்சுள்ள கம்பி வலை அடித்துவிடுங்கள், லண்டன் எலிகளுக்குச் சூடான தரை ரொம்பப் பிடிக்கும். மேலே 18 மி.மீ. ஓஎஸ்பி.

பிஐஆர் வெட்டும்போது முகமூடி அவசியம். இறுக்கமாகத் திணிக்க முயன்றால் மூலை உடையும், இரண்டு மூன்று மி.மீ. குறைவாக வெட்டி, சுற்றிலும் ஃபோம் அடித்து, காய்ந்ததும் பிதுங்கியதைச் சீவி, மேலே ஃபாயில் டேப் ஒட்டுங்கள். விரல் நுழையும் சந்து ஒன்று விட்டாலும் சூடு அந்த வழியாகத்தான் போகும். லேசாக மூலை நசுங்கிய செகண்ட்ஸ் போர்டு மலிவு, தாராளமாக வாங்கலாம்.

சுவரும் கூரையும்

சுவருக்கு 38 × 89 மரம், 610 இடைவெளி. படுக்கப்போட்டு அடித்து, வெளிப்பக்கம் 11 மி.மீ. ஓஎஸ்பி திருகி, ஆள் வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். உள்ளிருந்து வெளியே வரிசை மாறக் கூடாது: உள் பலகை, ஆவித் தடுப்பு பாலித்தீன், இன்சுலேஷன், ஓஎஸ்பி, பிரீதர் மெம்பிரேன் (மழையைத் தடுத்து ஆவியை வெளியே விடும் விரிப்பு), 25 மி.மீ. ரீப்பர், அதன்மேல் வெளிப்பலகை. நம் மூச்சிலிருந்தும் கெட்டிலிலிருந்தும் வரும் ஈரம் குளிர்ந்த பலகையைத் தொட்டால் அங்கேயே தண்ணீராகும், இரண்டு மூன்று குளிர்காலத்தில் மரம் கறுக்கும். பாலித்தீன் உள்பக்கம் இருப்பது அதனால்தான், அதன் ஒட்டுகளையும் ஒயர் ஓட்டைகளையும் டேப்பால் மூடுங்கள். பணம் இடிக்கிறது என்றால் சுவருக்கு மட்டும் 90 மி.மீ. மினரல் வூல் என்ற கனிமப் பஞ்சு போடலாம், தரைக்கும் கூரைக்கும் பிஐஆர்தான்.

கூரைக்கு 47 × 150 மரம், 400 இடைவெளி. அதில் 100 மி.மீ. பிஐஆர், மேலே 50 மி.மீ. காலி. அந்த 50-இல் முன்னும் பின்னும் காற்று ஓட வேண்டும், பூச்சி வராமல் வலை மட்டும் போதும். அங்கேயும் இன்சுலேஷன் திணித்தால் நல்லதுதானே என்று தோன்றும், வேண்டாம். மேலே 18 மி.மீ. ஓஎஸ்பி, அதன்மேல் இபிடிஎம் என்ற கூரை ரப்பர் விரிப்பு ஒரே துண்டாக. துண்டு துண்டாக ஒட்டும் தார் விரிப்பான ஃபெல்ட்டைவிட விலை கூடத்தான், ஆனால் ஒட்டு இல்லாத இடத்தில் ஒழுக வழியில்லை. மழை இல்லாத நாளாகப் பார்த்துப் போடுங்கள்.

கரண்ட் வேலையை நீங்கள் தொடாதீர்கள். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்தான் வீட்டு போர்டிலிருந்து தனி சர்க்யூட்டில் கவசக் கேபிள் இழுத்து, சான்றிதழும் தர வேண்டும். பள்ளம் தோண்டுவதை நீங்களே செய்தால் அவர் கூலி கொஞ்சம் குறையும். சுவர் ஒயரிங் முடிந்த பிறகே இன்சுலேஷன், பாலித்தீன், உள் பலகை.

வெளிப்பலகையில் கஞ்சத்தனம் காட்டலாம். சீடார், லார்ச் எல்லாம் அழகுதான், விலை வேறு மாதிரி. மருந்தேற்றிய சாதாரண வேலிப் பலகையை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி திருகி, வெட்டிய முனைகளில் மருந்து தடவி, கறுப்போ பச்சையோ பூசிவிடுங்கள். ஆணி வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். பின்னால் கையில் பணம் புழங்கும்போது பலகையை மட்டும் கழற்றி லார்ச் மாட்டிக்கொள்ளலாம், ரீப்பருக்கு உள்ளே எதையும் தொட வேண்டியிருக்காது.