மாறொளி விண்மீன் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாறொளி விண்மீன்களின், அதாவது பிரகாசம் மாறிக்கொண்டே இருக்கும் விண்மீன்களின், ஒளியைக் கண்ணால் அளப்பதில் தொலைநோக்கியைவிட நம் மனசுதான் அதிகம் ஏமாற்றும். மீரா என்ற விண்மீன் ஏறக்குறைய 332 நாளுக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்கும் என்று படித்திருப்போம். போன வாரம் அதன் பொலிவெண் (பிரகாசத்தைச் சொல்லும் எண்; எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) 6.2 என்று குறித்திருப்போம். இப்போது ஏறுமுகம், எனவே 5.8 இருக்கவேண்டும் என்று மனசு முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். கண்ணும் அதற்கு ஆமாம் போடும். இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான். மற்றத் தவறுகள் ஒளி வரைகோட்டில் (நாளுக்கு நாள் பிரகாசம் மாறுவதைக் காட்டும் கோடு) துருத்திக்கொண்டு தெரியும், இது அழகாகப் பொருந்தி மறைந்துவிடும். அதனால் பழைய பக்கத்தைப் புரட்டாமல் வெளியே போங்கள். மீரா போல மெதுவாக மாறுபவற்றைத் தினமும் பார்க்கத் தேவையில்லை. வாரம் ஒருமுறை போதும். அதற்குள் பழைய எண்ணும் ஓரளவு மறந்திருக்கும்.

அடுத்தது, ஒரே ஒரு விண்மீனோடு ஒப்பிட்டு ‘இதைவிடக் கொஞ்சம் மங்கல்’ என்று எண் போடுவது. அந்தக் ‘கொஞ்சம்’ ஆளுக்கு ஆள் மாறும். பிரகாசமான ஒன்று, மங்கலான ஒன்று என இரண்டுக்கு நடுவே வைத்துப் பார்க்கவேண்டும். பழகுவதற்கு டெல்டா செஃபை அருமையான விண்மீன். 5.37 நாளில் ஒரு சுற்று, வெறுங்கண்ணுக்கே தெரியும். பக்கத்திலேயே சீட்டா 3.4, எப்சிலான் 4.2. விண்மீன் வரைபடத்தில் இவை 34, 42 என்றுதான் இருக்கும். புள்ளி வைத்தால் அதையும் விண்மீன் என்று நினைத்துவிடலாம் என்பதால் விட்டிருப்பார்கள். சீட்டாவிலிருந்து எப்சிலானுக்குப் போகும் வழியில் கால்பங்கு தூரத்தில் டெல்டா இருப்பதாகத் தோன்றினால் 3.6. அதை 3.63 என்றெல்லாம் எழுதவேண்டாம், கண்ணுக்கு அவ்வளவு நுட்பம் கிடையாது.

ஒப்பிடும் விண்மீன்கள் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பதும் முக்கியம். அடிவானத்திலிருந்து 10 டிகிரி உயரத்தில் இருப்பது, தலைக்கு மேலே இருக்கும்போது தெரிவதைவிட ஏறத்தாழ ஒரு பொலிவெண் மங்கித் தெரியும். திருவாதிரையை அளப்பவர்கள் பலர் இங்கேதான் சறுக்குவார்கள், ஏனென்றால் அதற்கு ஈடான பிரகாசமுள்ளவை வானில் சிதறிக் கிடக்கின்றன. 2020 பிப்ரவரியில் அது 1.6 வரை மங்கியது. அந்த மாதிரி நேரத்தில் உயர வித்தியாசத்தைக் கவனிக்காமல் எடுத்த எண்ணால் யாருக்கும் பயனில்லை.

சிவப்பு விண்மீன்களை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்காதீர்கள். பார்க்கப் பார்க்க அவை பிரகாசமாகிக்கொண்டே போவதுபோல் தோன்றும். சட்டென்று ஒரு பார்வை, அப்புறம் ஒப்பீட்டு விண்மீன், திரும்ப ஒரு பார்வை. இப்படி மாறி மாறிப் பார்க்கவேண்டும். பைனாகுலரைக் கொஞ்சம் மங்கலாக்கி, விண்மீன்களைச் சின்னச் சின்ன வட்டங்களாக வைத்து ஒப்பிடுவதும் உதவும். இரண்டும் மேலும் கீழுமாக இருந்தாலும் கண் ஒருபக்கம் சாயும். தலையைச் சாய்த்து, அவற்றை இணைக்கும் கோடு இரு கண்களையும் இணைக்கும் கோட்டுக்கு இணையாக வரும்படி பாருங்கள்.

இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்பேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

விண்மீன் தெரியவில்லையா? பலர் எதுவும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. வடமகுட மண்டலத்து ஆர் விண்மீன் வழக்கமாக 6-ஐ ஒட்டி இருக்கும்; திடீரென்று சில வாரங்களில் சரிந்து 14 வரைகூடப் போகும். அந்தச் சரிவில் ‘8.5-ஐவிட மங்கல்’ என்ற குறிப்பு முழு மதிப்புள்ள அளவீடு. அன்று கண்ணுக்கு எட்டிய மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீனின் எண்ணை எழுதி, முன்னால் ‘<’ குறி போடுங்கள். அதற்கு முன், சரியான இடத்தைத்தான் பார்க்கிறோமா என்று உறுதி செய்யவேண்டும்: தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகவோ இடவலம் மாற்றியோ காட்டும், கையிலுள்ள வரைபடமும் அதே திசையில் இருக்கவேண்டும்.

நேரத்தை உலக நேரத்துக்கு மாற்றும்போது தேதியும் மாறலாம் என்பதை மறக்கவேண்டாம். மீராவுக்கு நாள் சரியாக இருந்தால் போதும். அல்கோல் என்ற மாறொளி விண்மீன் மங்கித் திரும்புவது சுமார் 10 மணி நேரத்தில் முடிந்துவிடும், அங்கே நிமிடம் வரை எழுதவேண்டும். எந்த வரைபடம், எந்த ஒப்பீட்டு விண்மீன்கள், நிலவு இருந்ததா, மேகம் இருந்ததா என்பதையும் கூடவே குறியுங்கள்.

1911-இல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கம் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் அளவீடுகளைச் சேர்க்கிறது. உங்கள் எண்ணை அனுப்பிய பிறகு மற்றவர்களுடையதைப் பாருங்கள். அரை பொலிவெண் தள்ளி நின்றாலும், விண்மீனை மாற்றிப் பார்த்துவிட்டோம் என்றோ கூட்டலில் பிழை என்றோ உறுதியாகத் தெரிந்தால் ஒழிய, அதைத் திருத்தாதீர்கள்.